சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டத் தீட்டப் பதம் போகிறது. எங்கே தப்பு?

அரசலாறு, கும்பகோணம்
திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதமாக இந்த இணையக் குழுவில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் முதல் பதிவு.

எனக்குக் கழுத்துப் பக்கம் முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளரும். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று எந்த ரேசர் போட்டாலும் மறுநாள் சிவந்து கொப்புளமாகிவிடும். அதனால்தான் மடக்குக் கத்திக்கு வந்தேன். சென்னையில் பழைய கத்திகள் சேகரிக்கும் ஒருவரிடம் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் முத்திரை போட்ட கத்தி ஒன்று வாங்கினேன். அகலம் 5/8 அங்குலம். கல்லில் தீட்டி, சவரத்துக்குத் தயாராகவே கொடுத்தார். முதல் ஷேவிங்கை என்னால் மறக்க முடியாது. கழுத்தில் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

கூடவே இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு தோல்வாரும் வாங்கினேன். ஹாலில் ஜன்னல் கம்பியில் கொக்கியை மாட்டி, மறுமுனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, தினமும் ஷேவிங்குக்கு முன்னால் போக ஒன்று வர ஒன்று என்று 60 தடவை தீட்டுகிறேன். மூன்றாவது ஷேவிங்கில் கொஞ்சம் சிரமம் தெரிந்தது. ஆறாவதில் கன்னத்து முடியைப் பிடித்து இழுத்தது. நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன். வாரிலும் இரண்டு இடத்தில் கீறல் விழுந்திருக்கிறது.

கத்தியை மறுபடி கல்லுக்குக் கொண்டுபோக வேண்டுமா? வார் சரியில்லையா? இல்லை, தப்பு என் கையிலா? நல்ல கத்தி ஒன்றை நானே கெடுத்துவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது.


வெண்ணாறு, தஞ்சாவூர்
திங்கள், இரவு 10.25

வாங்க. கவலை வேண்டாம், கத்தி எங்கேயும் போய்விடாது.

கல்லில் நன்றாகத் தீட்டிய கத்தி ஆறே ஷேவிங்கில் பதம் இழக்காது. வாரில் ஒழுங்காகத் தீட்டிவந்தால் இரண்டு மூன்று மாதமாவது கல் பக்கமே போக வேண்டாம். அதனால் வாரில்தான் ஏதோ நடக்கிறது. சில கேள்விகள்.

தள்ளும்போது எது முன்னால் போகிறது, கூரா முதுகா? முனையில் திருப்பும்போது கத்தி எதன் மேல் புரள்கிறது? வாரை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள்? 60 தடவை தீட்ட எத்தனை நிமிடம் ஆகிறது? அந்தக் கீறல் வாரின் நடுவிலா, முனைப் பக்கமா?

கடைசிக் கேள்விக்குக் கவனமாகப் பதில் சொல்லுங்கள். கீறல் விழுந்த இடத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும்.


குடமுருட்டி, பாபநாசம்
திங்கள், இரவு 11.10

தம்பி, ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டுத் தெருவில் சாணைச் சக்கரம் கொண்டுவருபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் அழகாகத் தீட்டித் தருபவர்தான், அவர் மேல் குற்றமில்லை. சவரக்கத்தியின் அலகு இரண்டு பக்கமும் குழித்து, ஓரத்தில் காகிதம் மாதிரி மெலிந்து இருக்கும். சக்கரத்தில் நாலு பொறி பறந்ததுமே ஓரத்தில் நீலம் ஓடிவிட்டது. இரும்பு 300 டிகிரி வாக்கில் சூடானால்தான் அந்த நீலம் வரும். அதற்கப்புறம் அந்த ஓரத்தில் பதம் நிற்கவே இல்லை. என் பெரியப்பாவின் கத்தி அது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பச்சைப் பசை வாங்கித் தோலில் தடவித் தீட்டிப் பாருங்கள். குரோமியம் ஆக்சைடு, துகள் அரை மைக்ரான். பத்து தடவையில் பழைய கூர் வந்துவிடும்.


அரசலாறு, கும்பகோணம்
செவ்வாய், காலை 6.40

வெண்ணாறு அண்ணா, பதில்கள்:

முதுகுதான் முன்னால் போகிறது, கூர் பின்னால் வருகிறது. முனையில் முதுகின் மேல்தான் புரட்டுவதாக நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. வாரை ரொம்ப இறுக்கவில்லை, சாதாரணமாகப் பிடிக்கிறேன். 60 தடவைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீடியோவில் அப்படித்தான் படபடவென்று தீட்டினார்கள். கீறல் இரண்டும் என் கைப்பக்க முனையில், கத்தியைத் திருப்பும் இடத்தில்.


பாமணியாறு, மன்னார்குடி
செவ்வாய், இரவு 8.15

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இங்கே 40 வருடம் சலூன் வைத்திருந்தார். எச்ஐவி பயம் வந்த பிறகு எல்லாச் சலூனும் பிளேடு மாற்றும் கத்திக்குப் போயிற்று, அவரும் மாறினார். ஒருவர் முகத்தில் பட்டது இன்னொருவர் முகத்தில் படக்கூடாது, அது சரியான முடிவுதான். பழைய கத்திகளும் வாரும் அவருடைய அடைப்பத்தில் (சவரச் சாமான் பையில்) அப்படியே இருக்கின்றன. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் பன்னிரண்டு வயதில் அவர் கற்றுக்கொடுத்ததால் இன்றைக்கும் வீட்டில் அந்தக் கத்தியில்தான் ஷேவ் செய்துகொள்கிறேன்.

அவர் கற்றுக்கொடுத்த விதத்தைச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் கூரான கத்தியைக் கையில் தரவே இல்லை. பிடி உடைந்த ஒரு பழைய கத்தியின் கூரைச் சிமெண்ட் தரையில் தேய்த்து முழு மொண்ணையாக்கி, வாலில், அதாவது அலகுக்குப் பின்னால் கையில் பிடிக்கும் இரும்பில், துணி சுற்றிக் கொடுத்தார். அதை வைத்துப் புரட்டு, புரட்டு என்று புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படிக் கத்தி கிடைக்காவிட்டால் ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்தி போதும். கையில் ஒரு கத்தியின் நீளமும் கனமும் இருந்தால் சரி.

புரட்டுவது எப்படி என்றால், கத்தியின் வாலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பென்சில் உருட்டுவது மாதிரி உருட்ட வேண்டும். மணிக்கட்டு அசையக்கூடாது. தவறு செய்கிற எல்லோரும் மணிக்கட்டைத்தான் திருப்புகிறார்கள். மணிக்கட்டு திரும்பினால் முழங்கை எழும்பும், முழங்கை எழும்பினால் கத்தியின் முதுகு தோலை விட்டு எழும்பும். முதுகு எழும்பியதும் கூர் தோலுக்குள் குத்தும். உங்கள் கீறல் கைப்பக்க முனையில் இருப்பது அதனால்தான்.

வரிசை இப்படி. கத்தியைத் தோலில் வைக்கும்போது முதலில் முதுகு உட்கார வேண்டும், அப்புறம் கூர். பிறகு முதுகு முன்னால், கூர் பின்னால் என்று ஓட்ட வேண்டும். முனைக்கு வந்ததும் நிறுத்துங்கள். முழுக்க நிறுத்த வேண்டும். நின்ற பிறகு முதுகைத் தோலிலேயே வைத்துக்கொண்டு கத்தியை உருட்டுங்கள். கூர் மேலே எழும்பி, வானத்தைப் பார்த்து, மறுபக்கம் வந்து படுக்கும். அப்புறம் திரும்பி ஓட்டுங்கள். எந்த நேரத்திலும் முதுகு தோலை விட்டுப் பிரியக்கூடாது. ஓட்டம் நிற்பதற்கு முன்பே புரட்ட ஆரம்பிக்கும் பழக்கம்தான் கத்தியைக் கொல்கிறது. அந்தக் கடைசி அரை அங்குலத்தில் கூர் வளைந்துவிடும். அறுபது ஓட்டத்தில் அறுபது தடவை வளைக்கிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் வார் இரண்டரை அங்குலம், அலகு கிட்டத்தட்ட மூன்று அங்குலம் இருக்கும். நேராக ஓட்டினால் நுனியோ அடியோ ஒன்று விட்டுப்போகும். அதனால் கொஞ்சம் சாய்வாக இழுக்க வேண்டும். தொடங்கும்போது அலகின் அடி தோலில் இருக்கட்டும், முடியும்போது நுனி தோலில் இருக்கட்டும். வரும்போதும் அதேபோல. மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி போட்ட மாதிரி தெரியும்.

எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஒரு வாரம் மெதுவாகப் பத்துப் பத்தாகத் தீட்டுங்கள். வேகம் கடைசியில் தானாக வரும். அப்பா கையில் பார்த்தால் கத்தி பறக்கும். ஆனால் அதற்கு அவருக்கு எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

குடமுருட்டி அண்ணன் சொன்ன பசையை மட்டும் இந்த வாரில் தடவாதீர்கள். பசை என்பது மிக நைசான கல் மாதிரிதான், இரும்பைத் தேய்க்கும். தினமும் தீட்டுகிற தோலில் தடவிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.


வீரசோழன், மயிலாடுதுறை
செவ்வாய், இரவு 9.30

பாமணியாறு சொன்னதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன், கணக்கில்லாமல் எனக்கு நிம்மதி வராது.

சவரக்கத்தியில் முதுகுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. 5/8 அங்குலம் என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். முதுகின் கனம் 4.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதுகும் கூரும் இரண்டுமே தட்டையாகப் பட்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து கூரின் கோணம் 16 டிகிரி. ஒரு பக்கத்துக்கு 8. இப்போது புரட்டும் அவசரத்தில் முதுகை 1 மில்லிமீட்டர் தூக்கிவிட்டீர்கள். அந்தப் பக்கத்தில் மூன்றரை டிகிரி கூடிவிடும், எட்டு கிட்டத்தட்ட பன்னிரண்டாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய பத்துத் தாள் கனம். கண்ணுக்கே தெரியாது.

வார் தொய்ந்திருந்தாலும் இதே கதை. தோல் குழிந்து, கூரைச் சுற்றி மேலே ஏறி வரும். கூர் தட்டையான தளத்தில் ஓடாமல் வளைந்த தளத்தில் ஓடும். நாளடைவில் ஓரம் உருண்டுவிடும். அரசலாறு எழுதிய //ரொம்ப இறுக்கவில்லை// என்பதைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. கயிற்றுக் கட்டிலில் கயிறு கட்டும்போது எவ்வளவு விறைப்பாக இழுப்போம், அந்த விறைப்பு வேண்டும். அதற்காகக் கத்தியை அழுத்தக்கூடாது. வாரில் விறைப்பு, கத்தியில் லேசு.


வெண்ணாறு, தஞ்சாவூர்
செவ்வாய், இரவு 10.05

வாரில் என்னதான் நடக்கிறது என்று புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஷேவிங் செய்து முடித்த கத்தியின் ஓரம் அங்கங்கே மடங்கிப்போய் இருக்கும், வாழை இலையின் ஓரம் காற்றில் அங்கங்கே மடங்குவது போல. இரும்பு எங்கேயும் போகவில்லை, திசை மாறியிருக்கிறது. வார் அதை நிமிர்த்தி நேராக்குகிறது, கொஞ்சம் மெருகும் ஏற்றுகிறது. கல் செய்வது வேறு வேலை, அது இரும்பைத் தேய்த்துப் புது ஓரம் எடுக்கிறது.

மடங்குவது மட்டுமில்லை, உதிரவும் செய்யும். 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் எழுதியிருந்தார்கள். இரும்பு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கெட்டி. இருந்தும் ஷேவிங்கில் முடி வளைந்து கொடுத்து ஓரத்தின் பலவீனமான இடத்தில் சாய்வாக அழுத்தும்போது அங்கே ஒரு துணுக்கு பெயர்ந்துவிடுகிறது. அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். வார் மடங்கலைத்தான் நிமிர்த்தும், பெயர்ந்த இடத்தை நிரப்பாது. அதனால்தான் எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும் ஒருநாள் கல்லுக்குப் போயே ஆக வேண்டும். தாடியை வெந்நீரில் நன்றாக ஊறவைத்துவிட்டு ஆரம்பித்தால் அந்த நாள் தள்ளிப்போகும்.


கொள்ளிடம், திருச்சி
புதன், காலை 11.20

டெல்டாவின் தலைமாட்டில் இருந்து ஒரு குரல். நான் தோல்பை தைக்கிறவன். வாரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? அரசலாறு, அந்த வாரின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் என்ன நிறம் தெரிகிறது? மேலே விரல் நகத்தால் லேசாகக் கீறினால் கோடு விழுகிறதா, இல்லை பிளாஸ்டிக் மாதிரி வழுக்குகிறதா?


அரசலாறு, கும்பகோணம்
புதன், பிற்பகல் 1.45

உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம். மேலே கருப்பு, பளபளவென்று இருக்கிறது. நகம் வழுக்குகிறது.


கொள்ளிடம், திருச்சி
புதன், இரவு 7.50

அப்படியானால் அது குரோம் போட்டுப் பதனிட்ட தோல், மேலே பூச்சு. பெல்ட் தைப்பதற்கு நல்ல தோல். கத்தி தீட்டுவதற்கு இல்லை. குரோம் தோல் இழுத்தால் நீளும், எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தத்தில் குழியும். மேல்பூச்சில் கத்திக்குப் பிடிமானமே இருக்காது. கத்தியைத் தோல் லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு உணர்வு கைக்கு வர வேண்டும். அது வருவது மரப்பட்டையில் பதனிட்ட தோலில்.

நம் ஊருக்கு இது புதிதில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாறு காட்டிப் பதனிட்ட தோல் திருச்சி, திண்டுக்கல், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிருக்கிறது. இப்போது ஆவாரம்பட்டைக்குப் பதில் வேறு மரப்பட்டைச் சாறு அதிகம் சேர்க்கிறார்கள். ஆனாலும் பட்டைத் தோல் பட்டைத் தோல்தான். வெட்டுமுகம் முழுக்கப் பழுப்பாக இருக்கும், மோந்து பார்த்தால் மரவாசம் வரும். மாட்டுத்தோலில் முதுகுப் பகுதி கேளுங்கள், வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இருக்கும். மூன்று அங்குல அகலம், இரண்டடி நீளம், கனம் மூன்று மில்லிமீட்டர். பூச்சு இல்லாமல் வாங்கி, மேல்புறத்தை உள்ளங்கையால் நாலு நாள் தேய்த்தாலே போதும், பதம் வந்துவிடும்.


குடமுருட்டி, பாபநாசம்
புதன், இரவு 8.30

பசை விஷயத்தில் பாமணியாறு சொன்னது சரி, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நானும் தனியாக ஒரு மரப்பலகையில் தோல் ஒட்டி, அதில்தான் பசை வைத்திருக்கிறேன். அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் துணிப்பட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. தோலுக்கு முன்னால் துணியில் 20 தடவையாவது ஓட்டினால்தான் எனக்குக் கத்தி ஒழுங்காக வருகிறது. கெட்டியான பருத்தி கேன்வாஸ், இல்லையென்றால் பழைய ஜீன்ஸ் துணி.


வீரசோழன், மயிலாடுதுறை
புதன், இரவு 9.00

துணி நல்லதுதான், ஓரத்தில் ஒட்டிய சோப்பையும் ஈரத்தையும் எடுக்கும். ஆனால் புதியவருக்கு இப்போது அது வேண்டாம் என்பது என் கருத்து. துணி தோலைவிட எளிதில் தொய்யும். ஒரே நேரத்தில் இரண்டு பழக்கம் வேண்டாம், முதலில் கை தோலில் படியட்டும்.


பாமணியாறு, மன்னார்குடி
புதன், இரவு 10.20

அப்பாவிடம் கேட்டேன். துணி இல்லாமல் தீட்டியதே இல்லை என்கிறார். வீரசோழன் சொல்கிற காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது, அவருக்குப் படவில்லை. ஒரு தடவை ஷேவ் செய்த கத்திக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதிலும் அவர் உறுதி. ஏழு கத்தி வைத்திருந்தது அதற்குத்தான் என்கிறார். இரும்பு ஓய்வெடுக்குமா என்று வீரசோழன் கேட்பார் என்று தெரியும்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நேரம் இருந்தால் கத்தியோடு மன்னார்குடி வாருங்கள். எழுதிக் காட்டுவதைவிட ஒருமுறை நேரில் பார்த்தால் தெளிந்துவிடும். கல்லும் இருக்கிறது. அப்பாவுக்கும் சந்தோஷமாக இருக்கும், இப்போதெல்லாம் இதைப் பற்றி அவரிடம் கேட்பவர்கள் இல்லை.


வெட்டாறு, நாகூர்
வியாழன், காலை 7.15

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மாமனார் வீட்டுப் பரணில் பழைய கத்தி ஒன்று கிடைத்தது. பிடி தந்தம் மாதிரி மஞ்சளாக இருக்கிறது, கற்பூர வாசம் அடிக்கிறது. அலகு பிடிக்குள் மடங்கும் இடத்தில் மட்டும் துரு ஏறிக்கொண்டே வருகிறது. துடைத்து எண்ணெய் போட்டாலும் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. கடல் காற்றாலா?


வெண்ணாறு, தஞ்சாவூர்
வியாழன், காலை 9.40

கடல் காற்று என்றால் அலகு முழுக்கத் துரு பிடிக்கும். பிடிக்குள் மறையும் பகுதி மட்டும் அரிக்கிறது, கற்பூர வாசமும் வருகிறது என்றால் அந்தப் பிடி செல்லுலாய்டு. பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில வாயு விடும், அது இரும்பைத் தின்றுவிடும். அலகைப் பிடியிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். அந்தப் பிடியை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், அடுப்பங்கரைப் பக்கமும் கொண்டுபோக வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். மரத்திலோ கொம்பிலோ புதுப் பிடி போட்டுக்கொள்ளலாம்.

பொதுவாக ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எல்லாக் கத்தியும் துருப்பிடிக்கப் பார்க்கும். குளியலறையில் வைக்கவே கூடாது. ஷேவ் முடிந்ததும் அலசி, துடைத்து, உடனே மடக்காமல் ஒரு மணி நேரம் திறந்தபடி காயவிடுங்கள். அப்புறம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுப்பாகிவிடும். மழைக்காலத்தில் வாரும் ஈரம் இழுக்கும், தீட்டுவதற்கு முன் உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள்.


அரசலாறு, கும்பகோணம்
ஞாயிறு, இரவு 10.30

மன்னார்குடி போய்வந்தேன். வலங்கைமான், நீடாமங்கலம் வழியாகக் காலை பஸ்ஸில் போனேன். நடந்ததை முழுக்க எழுதுகிறேன், என்னைப் போல ஆரம்பிக்கும் இன்னொருவருக்கு உதவும்.

பாமணியாறு அண்ணனின் அப்பா, ஐயா, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முதலில் என் கத்தியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் கூரை நேராகக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். நல்ல கூர் என்றால் அந்தக் கோட்டில் வெளிச்சமே தெரியக்கூடாதாம். என் கத்தியில் நுனிப்பக்கம் ஒரு அங்குல நீளத்துக்கு மெல்லிய வெள்ளிக் கம்பி மாதிரி மின்னியது. "நுனி உருண்டிருக்கு, அடி நல்லாத்தான் இருக்கு" என்றார். சாய்வாக இழுக்காமல் நேராக இழுத்தால் நுனிதான் கெட்டதா என்று கேட்டேன். அது மட்டுமில்லை, கை முனைக்கு வரும்போது நீ நுனியை அழுத்துகிறாய் என்றார். நான் இன்னும் அவர் முன்னால் தீட்டவே இல்லை, கத்தியைப் பார்த்தே சொன்னார்.

அப்புறம் அவருடைய வாரை வாசல் கதவின் நாதாங்கியில் மாட்டி, மொண்ணைக் கத்தியைக் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு அடி தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தீட்டத் தீட்ட, "தூக்கிட்டே", "தூக்கிட்டே", "இது சரி", "தூக்கிட்டே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பார்க்காமல் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். ஒழுங்காகப் போனால் போகும்போதும் வரும்போதும் ஒரே சத்தம் கேட்கும் என்றார். முதுகு எழும்பினால் சத்தம் மேலே ஏறி முனையில் 'டிக்' என்று முடியும். அதைக் கேட்கக் கற்றுக்கொண்டால் ஆசிரியர் வேண்டாம் என்றார். அரை மணி நேரத்தில் எனக்கும் அந்த 'டிக்' கேட்க ஆரம்பித்தது. கேட்கத் தொடங்கிய பிறகு கை தானாகவே மெதுவாயிற்று.

பிடிக்கிற கையையும் மாற்றினார். நான் வாரை இடுப்புக்குக் கீழே சரித்துப் பிடித்திருந்தேன். முழங்கை உயரத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் கம்பியில் மாட்டும்போதும் அதே உயரத்தில்தான் மாட்ட வேண்டும். ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்தால் போகிற ஓட்டத்துக்கும் வருகிற ஓட்டத்துக்கும் அழுத்தம் மாறிவிடுகிறது.

உருண்ட நுனியை வார் சரிசெய்யாது என்று பாமணியாறு அண்ணன் கல்லை எடுத்தார். பன்னிரண்டாயிரம் நம்பர் நைசுக் கல். தண்ணீர் தெளித்து, கல்லில் மட்டும் கூர் முன்னால் போகும்படி, இருபது இருபத்தைந்து ஓட்டம். வாரில் முதுகு முன்னால், கல்லில் கூர் முன்னால். இந்த வித்தியாசம் கையில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள், கல்லில் பழகிய கையோடு வாருக்கு வந்தால் தோலை அறுத்துவிடுவாய் என்றார் ஐயா.

பிறகு துணியில் 20, தோலில் 50, எல்லாம் ஐயாவே. முன்கையில் ஒரு முடியைத் தோலில் படாமல் அந்தரத்தில் தொட்டார், முடி சத்தமில்லாமல் விழுந்தது.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா விடவில்லை. கிளம்பும்போது அந்த மொண்ணைக் கத்தியை என்னிடமே கொடுத்துவிட்டார் ஐயா. பழகி முடித்ததும் திருப்பிக் கொடு, இன்னொருத்தன் வருவான் என்றார்.


பாமணியாறு, மன்னார்குடி
திங்கள், காலை 7.05

நீங்கள் போன பிறகு அப்பா ஏழு கத்தியையும் எடுத்து வைத்துத் துடைத்து எண்ணெய் போட்டார். ராத்திரி வரை அதே பேச்சு.

வாரில் உள்ள கீறலுக்கு: கீறல் ஓரம் நாக்கு மாதிரி எழும்பியிருந்தால் அதை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, 600 நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். எழும்பாத கீறல் ஒன்றும் செய்யாது. அந்தக் குரோம் வாரை இனிமேல் மொண்ணைக் கத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புது வார் வந்ததும் அதில் முதல் கீறல் விழாமல் இருக்கும்.


அரசலாறு, கும்பகோணம்
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9.15

கொள்ளிடம் அண்ணன் வெட்டிக் கொடுத்த பட்டைத்தோல் வார் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் மொண்ணைக் கத்தி மட்டும், காலையும் இரவும் பத்து நிமிடம். 'டிக்' சத்தம் கேட்காமல் தொடர்ந்து நூறு ஓட்டம் வந்த அன்றுதான் நல்ல கத்தியைத் தொட்டேன். இப்போது மெதுவாக 40 தடவை தீட்டுகிறேன், மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இன்று ஆறாவது ஷேவிங், போன தடவை முடியைப் பிடித்து இழுத்த அதே ஆறு. கன்னம், கழுத்து எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், கூரில் எங்கேயும் மின்னவில்லை.

துணி இன்னும் சேர்க்கவில்லை. ஐயாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், அண்ணா. அடுத்த மாதம் நேரில் வந்து நானே சொல்கிறேன்.


குடமுருட்டி, பாபநாசம்
சனி, இரவு 9.50

மன்னார்குடி போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். நீலம் ஓடிய அந்தக் கத்தியை ஒருமுறை ஐயாவிடம் காட்ட வேண்டும். அந்த ஓரத்தை முழுக்கத் தேய்த்து உள்ளே நல்ல இரும்பு வரும்வரை போனால் ஷேவ் செய்கிற அளவுக்கு அகலம் மிஞ்சுமா என்று அவர் பார்த்தால் சொல்லிவிடுவார்.


பாமணியாறு, மன்னார்குடி
சனி, இரவு 10.10

கொண்டுவாருங்கள் அண்ணா. கல்லில் வைத்துப் பொறுமையாக எடுத்துப் பார்ப்போம். ஒரே நாளில் முடியாது, இரண்டு ஞாயிறு ஆகும்.